நடு ஸ்பீக்கர்

ஹெலிகாப்டர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கடைக்காரர் சந்திரன் கேட்டார். மோகனப்ரியா இடது பக்கம் கை காட்டினாள். அறையிலிருந்த மூன்று ஆண்களும் சிரித்தார்கள்.

"பின்னாடி ரைட் சைடு மேடம்," என்றார் சந்திரன். "அங்கேர்ந்து தலைக்கு மேல போயி முன்னாடி லெப்ட்ல எறங்கிச்சு. நீங்க கவனிக்கல."

திருப்பதி ஏர் பைபாஸ் ரோட்டில் இருந்த அந்தக் கடையின் மாடியில், சுவரெல்லாம் கறுப்புத் துணி அடித்த டெமோ அறை அது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. திருச்சானூர் ரோட்டில் வாங்கிய ஃபிளாட்டுக்கு மோகனப்ரியாவும் அவள் கணவன் யோகேஷும் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சொந்த வீடு என்று ஒன்று வந்தால் அதில் முதலில் ஹோம் தியேட்டர் என்று யோகேஷ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவனோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஹேமநாத், ஸ்பீக்கர் விஷயத்தில் கரைகண்டவன் என்று பெயர் வாங்கியவன், யோசனை சொல்லக் கூடவே வந்திருந்தான்.

"அவ அப்படித்தாங்க," யோகேஷ் சந்திரனிடம் சொன்னான். "வீட்லயும் பத்து வாட்டி கூப்ட்டா ஒரு வாட்டி திரும்புவா. மகாராணி."

மறுபடியும் சிரிப்பு. சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்த மோகனப்ரியா முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு வலது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் இரண்டும் வீங்கிக் கிடந்தாள். வீக்கம் வடிந்தபோது அந்தக் காதும் போயிருந்தது. யோகேஷுக்கு அது தெரியாது. கல்யாணம் ஆகி நான்கு வருஷமாகத் தெரியாது. சொல்லக் கூடாது என்று நகரியில் அவளுடைய அம்மா கமலம்மா பெண்பார்க்க வந்த அன்று காலையில் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஹேமநாத் ஏற்கெனவே பட்டியலைச் சொல்ல ஆரம்பித்திருந்தான். ஏழு ஸ்பீக்கர், பேஸுக்கென்று இரண்டு சப்வூஃபர், எல்லாவற்றையும் இயக்க ஒன்பது சேனல் ரிசீவர். முன்னால் நிற்கிற இரண்டும் ஆள் இடுப்பு உயரம். "பேஸ் அடிச்சா ஜன்னல் கண்ணாடி அதிரணும் பாஸ்," என்றான்.

"நம்ம ஹால் பதினொண்ணுக்குப் பதினாலு," என்றாள் மோகனப்ரியா. "அதுல ஒரு பக்கம் பூரா சமையல்ரூமுக்குத் தெறந்தே கீது. அவ்ளோ பெரிசு இன்னாத்துக்கு?"

ஹேமநாத் சந்திரனிடம் சப்வூஃபரின் விலையைக் கேட்டான்.

அவள் நான்கு மாதமாக ஸ்பீக்கர்களைப் பற்றிப் படித்திருந்தாள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. மதியம் சாம்பிள் வராத நேரத்தில் செல்போனில் இதே வேலை. இதுவரை பார்த்த எல்லாப் படத்தையும் அவள் பாதி உதட்டைப் பார்த்தும் பாதி கீழே ஓடும் எழுத்தைப் பார்த்தும்தான் புரிந்துகொண்டிருந்தாள். பின்னணி இசை எழும்பினால் பேச்சு கரைந்துபோகும். படத்தில் பேசுகிற பேச்சில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து மட்டும்தான் வரும், அதைத் தனியாக ஏற்றலாம் இறக்கலாம் என்று படித்த அன்று, கையிலிருந்த ட்யூபைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாகப் பேச்சு தனியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. அவளிடம்தான் யாரும் அதைச் சொல்லவில்லை.

"சென்டர் ஸ்பீக்கர் எது குடுக்கறீங்க?" என்று சந்திரனைக் கேட்டாள்.

"செட்டோட வர்றதுதான் மேடம். சென்டர்ல இன்னா கீது, வெறும் வாய்ஸ்தானே."

"எனக்கு அந்த வெறும் வாய்ஸ்தான் வேணும். மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிட்டு அதை மட்டும் போட்டுக் காட்டுங்க."

சந்திரன் யோகேஷைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளுக்கு ஆகவில்லை. கேட்டது அவள், அனுமதி அவனிடம்.

"சிஸ்டர், டயலாக் மட்டும்னா ஒரு சவுண்ட்பார் வாங்கி மாட்டிக்கினு சீரியல் பாக்கலாம்," என்றான் ஹேமநாத். "இது சினிமா பாக்கற ஐட்டம்."

"டைம் ஆவுது பிரியா," என்று யோகேஷ் எழுந்தான். பர்ஸிலிருந்து கார்டை எடுத்துச் சந்திரனிடம் நீட்டினான். "ஹேமு சொன்ன செட்டையே போட்டுடுங்க. இப்ப அட்வான்ஸ், சனிக்கிழமை மாட்டித் தந்துடுங்க."

"எனக்கு வலது காது கேக்காது," என்றாள் மோகனப்ரியா.

திரையில் ஹெலிகாப்டர் அப்படியே நின்றிருந்தது. சந்திரன் ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இன்னாது?" என்றான் யோகேஷ்.

"ஏழு வயசுலேர்ந்து கேக்காது. கொஞ்சம்கூட. ஹெலிகாப்டர் எங்கேர்ந்து வந்தா எனக்கு இன்னா? எல்லாம் எனக்கு லெப்ட்லேர்ந்துதான் வரும்."

ஹேமநாத் தன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். யோகேஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சந்திரன் கார்டு மிஷினை நீட்டினார். யோகேஷ் திரும்பி நான்கு எண்ணையும் அழுத்தினான். ரசீது வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அவள் சொன்னதைக் கேட்ட பிறகும் அவன் அந்த எண்ணை அழுத்தினான் என்பதையே நினைத்துக்கொண்டு அவள் எல்லாருக்கும் முன்னால் படியிறங்கினாள்.

*

ஹேமநாத் தன் பைக்கில் போய்விட்டான். யோகேஷ் காரை வீட்டுப் பக்கம் திருப்பாமல் புத்தூர் சாலையில் விட்டான். நகரிக்குப் போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

காரில் ஓட்டுகிறவன் எப்போதும் அவளுக்கு வலது பக்கம்தான். அதனால் நான்கு வருஷமாகக் காரில் ஏறினால் கழுத்தை முழுக்கத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டுதான் வருவாள். கல்யாணமான புதிதில், பெண்டாட்டி ஆசையில் கண்ணெடுக்காமல் பார்க்கிறாள் என்று யோகேஷ் நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவன் பேச ஆரம்பித்தது தெரிந்தது. குரல் ஏறுவதும் தெரிந்தது. இன்ஜின் சத்தத்தோடும் காற்றோடும் சேர்ந்து, பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுவதுபோல வந்து போனது. ஒரு வார்த்தையும் தனியாகப் பிரியவில்லை. அவள் திரும்பவில்லை. ஸ்டியரிங்கில் அவன் அடிப்பது மட்டும் உடம்பில் அதிர்ந்தது. புத்தூருக்கு முன்னால் ஒரு டீக்கடைக்கு எதிரே காரை ஓரம்கட்டி நிறுத்தினான். இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நாலு வருஷம்," என்றான். "நாலு வருஷமா என்னை முட்டாளாக்கிக்கினு இருந்திருக்கீங்க. உங்க அம்மா, உங்க நைனா, நீ. எல்லாரும்."

"முட்டாளாக்கல. பயந்தோம்."

"ஏன், நான் வேணாம்னு சொல்லிடுவேன்னா?"

"சொல்லியிருக்க மாட்டீங்களா?"

டீக்கடையில் இரண்டு பேர் கிளாஸோடு இவர்களைப் பார்த்தார்கள்.

"நான் திமிருன்னு நெனச்சேன்," என்றான். "கூப்ட்டா திரும்பறதில்ல. கேட்டா பதில் இல்ல. எங்கம்மா முதல் மாசமே சொன்னாங்க, உம் பொண்டாட்டிக்குத் திமிரு ஜாஸ்திடான்னு. நானும் சரி, எதுக்கு வம்புன்னு உங்கிட்ட பேசறதையே கொறைச்சிக்கினேன்."

மோகனப்ரியா காரிலிருந்து இறங்கினாள். அவன் பேசுவதைக் குறைத்தான் என்பது அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது செல்போனைப் பார்க்க ஆரம்பித்தது, கடைக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போவது, எல்லாம் வேலைக் களைப்பு என்று எண்ணியிருந்தாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்றும் சில நாள் எண்ணியிருந்தாள்.

"திமிருன்னு கண்டுபிடிக்க ஒரு மாசம் போதும் உனக்கும் உங்கம்மாவுக்கும்," என்றாள். நான்கு வருஷத்தில் முதல் முறையாக அவனை நீ என்றாள். "ஏண்டி திரும்பலன்னு ஒரு வாட்டி வந்து கேட்டியா? ஒரே வாட்டி? நான் எந்தப் பக்கம் படுக்கறேன், எந்தக் காதுல போன் வெக்கிறேன், ரோட்ல ஏன் உன்னை இடிச்சிக்கினு அந்தப் பக்கம் போறேன், ஒண்ணும் பாக்கல. இப்ப கடையில வெச்சி அந்த ஆளுங்க முன்னாடி சொன்னேனே. அப்பவும் கார்டைத்தானே தேய்ச்சே."

"எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல அப்ப."

"எனக்கும் தெரியல. அதுக்காக நான் ஒண்ணும் வாங்கல."

*

நகரியில் வீடு மாடியில். கீழே எட்டு விசைத்தறி. ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தன. தெரு முனையிலேயே அந்தத் தடதடப்பு காலில் ஏறும். அந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. பிள்ளைக்கு ஒரு காது போனது அந்த வீட்டில் முதலில் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கத்தித்தான் எல்லாரையும் கூப்பிட வேண்டும். கேட்காதவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மோகனப்ரியாவின் அப்பா சிவசங்கரன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவர், மருமகனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கமலம்மா மாடியிலிருந்து இறங்கினாள். முன்னறிவிப்பில்லாமல் மாப்பிள்ளை வந்தது அவளுக்குச் சந்தோஷம்.

"வாங்க மாப்ள. சோறு ஆயிடுச்சி. துன்னுட்டுத்தான் போவணும்."

"உங்க பொண்ணுக்கு ஒரு காது கேக்காதாமே அத்தை," என்றான் யோகேஷ்.

தறிச் சத்தத்தில் சிவசங்கரனுக்கு அது சரியாக விழவில்லை. "இன்னா சொல்றாரு?" என்று கத்தினார்.

"காது கேக்காதாமே," யோகேஷும் கத்தினான். "மறைச்சிக் கட்டிக் குடுத்துட்டீங்க."

சிவசங்கரன் சுவரோரம் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. தெருவில் மற்ற வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தும், அந்த அறை பயமுறுத்துகிற மாதிரி அமைதியாகிவிட்டது.

"ஒரு காது நல்லாத்தான கீது மாப்ள," என்றாள் கமலம்மா. குரலை எப்படித் தாழ்த்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதால உங்களுக்கு இன்னா கொற? சமைக்கலையா, வேலைக்குப் போவலையா? ரெண்டு காதும் கேக்கறவளுங்க எல்லாம் குடும்பம் நடத்திக் கிழிச்சிட்டாளுங்களா?"

"அம்மா, நீ பேசாத," என்றாள் மோகனப்ரியா.

"நான் பேசாம யார்டி பேசறது? உனக்கோசரம்தான் மறைச்சேன். டாக்டரே ஒண்ணும் பண்ண முடியாது, நரம்பு செத்துப்போச்சின்னு சொன்னப்பறம் ஊருக்கெல்லாம் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

மோகனப்ரியா அம்மாவைப் பார்த்தாள்.

"எந்த டாக்டரு?"

கமலம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "புத்தூர்ல. உனக்கு எட்டு வயசு. ஞாபகம் இல்லயா? பஸ்ஸுல போயி சாத்துக்குடி வாங்கிக் குடுத்தேனே."

சாத்துக்குடி ஞாபகம் இருந்தது. டாக்டர் காதில் விளக்கு அடித்துப் பார்த்ததும் ஞாபகம் இருந்தது. வெளியே வந்து அம்மா சொன்னதும் ஞாபகம் இருந்தது: பத்து நாளில் சரியாகிவிடும். பத்து நாள் போயிற்று. பிறகு பெரிய மனுஷி ஆனால் சரியாகிவிடும் என்றாள். பிறகு கல்யாணம் ஆனால், ஒரு பிள்ளை பெற்றால் என்று தள்ளிக்கொண்டே போனாள். மோகனப்ரியா அதை நம்பினாளா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஆனால் போன மாதம்கூட, வேலையில் தனியாக இருந்தபோது செல்போனை வலது காதில் வைத்து, ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக, போன் இல்லாத நாளில் கடிகாரத்தை வைத்தாவது, அதை அவள் செய்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கே உனக்குத் தெரியும்," என்றாள்.

"கொழந்தைகிட்ட எப்பட்றி சொல்றது, இனிமே வராதுன்னு?"

"கொழந்தைகிட்ட வேணாம். பன்னெண்டு வயசுல சொன்னியா? இருவது வயசுல? நான் லேபுல வேலை பாக்கறேம்மா. தெனம் அம்பது பேருக்கு அவங்க உடம்புல இன்னா கீதுன்னு எழுதித் தரேன். என் காதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியல. வந்துடும் வந்துடும்னு உக்காந்துக்கினு இருந்தேன்."

"எனக்கும் சொல்லல," என்றார் சிவசங்கரன். அவர் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். "கமலா, டாக்டர் சொன்னதை எனக்கும் சொல்லல நீ."

கமலம்மா அழ ஆரம்பித்தாள். அழுகை மோகனப்ரியாவை இளக்கவில்லை, இன்னும் எரிச்சலாக்கியது. அழுதுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடும். யோகேஷ் நடுவில் புகுந்து, "மாமா, விடுங்க, இப்ப பேசி இன்னா ஆவுது" என்று இழுத்தான். சண்டை போட வந்தவன் சமாதானம் பேசினான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீ இரு. நல்லா சாப்ட்டுட்டு வா," என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. பஸ் நிறுத்தம் வரை வெயிலில் நடந்து, திருப்பதி பஸ்ஸில் ஏறி, வலது பக்கம் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள்.

*

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள் அங்கிருந்த பெண். இடது காதில் கொசு மாதிரி, மணி மாதிரி, விசில் மாதிரி வந்தது. அழுத்தினாள். பிறகு எதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. மிஷின் கெட்டுவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் வலது காதுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

ரிப்போர்ட்டில் இரண்டு கோடு இருந்தது. ஒன்று இடது காதுக்கு, மேலே. இன்னொன்று வலது காதுக்கு, தாளின் அடியில், கட்டம் முடிகிற இடத்தில்.

"இத்தன வருஷம் டெஸ்ட்டே பண்ணலயா மேடம்?" என்று அந்தப் பெண் தெலுங்கு கலந்த தமிழில் கேட்டாள். மோகனப்ரியா தாளை வாங்கி மடித்தாள். மறுபடியும் பிரித்துப் பார்த்தாள். கோபம் அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை.

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனாள். சந்திரன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சண்டே எழுதின ஆர்டரை மாத்தணும்."

"சார் வரலயா மேடம்?"

"சார் காது வேற, என் காது வேற. எனக்கு மூணு சென்டர் ஸ்பீக்கர் போட்டுக் காட்டுங்க. மத்தது எல்லாம் ஆஃப். முடியாதுன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க, வேற கடை பாத்துக்கறேன்."

சந்திரன் டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு மாடிக்கு அழைத்துப் போனார்.

இசையும் பேச்சும் ஒன்றாக மோதுகிற ஒரு காட்சியை அவள் தேர்ந்தெடுத்தாள். சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். உதட்டைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். "ஒவ்வொரு டயலாக்குக்கும் நிறுத்துங்க. எனக்கு இன்னா கேட்டுச்சோ சொல்றேன். சரியான்னு நீங்க சொல்லுங்க."

முதலாவது, ஹேமநாத் சொன்ன செட்டில் வருவது. நீளமாகப் படுத்திருக்கும் பெட்டி. பத்து வசனத்தில் நாலு தப்பாகச் சொன்னாள். 'வந்தான்' என்பதை 'வந்தா' என்றாள், 'பத்து' என்பதை 'பட்டு' என்றாள். நடுவில் நகர்ந்து உட்கார்ந்தபோது எட்டு சரியாக வந்தது. ஓரத்துக்கு வந்தால் மறுபடி குழம்பியது.

"எடத்தை மாத்தினா மாறுதா? அப்டில்லாம் ஆவாது மேடம்," என்றார் சந்திரன்.

"நீங்க வந்து உக்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். நடுவில் இருந்து கேட்டார், ஓரத்தில் இருந்து கேட்டார். மறுபடி நடுவுக்குப் போனார். "ஆமா," என்றார். "இங்க ஒரு மாதிரி அமுங்குது." பதினோரு வருஷமாக அந்த அறையில் அவர் நின்றுகொண்டேதான் ஸ்பீக்கர் விற்றிருந்தார்.

இரண்டாவதும் நீளப் பெட்டிதான், விலை இரண்டு மடங்கு. ஏழு சரி. அவள் எழுந்து அலமாரியைப் பார்த்தாள். அடித்தட்டில், முன்பக்க இடது வலதுக்கு ஜோடியாக விற்கிற சின்னப் பெட்டிகள் இருந்தன. "அதுல ஒண்ணை நிமித்தி நடுவுல வெச்சிப் போடுங்க."

"அது சென்டர் இல்ல மேடம். ஜோடியா வர்றது."

"போடுங்க."

சந்திரன் ஒயரை மாற்றி மாட்டினார். கண்ணை மூடினாள். பேச்சு வந்தது. ஒரு பெண் கதவருகே நின்று தன் அண்ணனைத் திட்டுகிறாள். பின்னால் மேளம் போகிறது. மேளம் மேளமாக இருந்தது, திட்டு திட்டாக இருந்தது. பத்து வசனத்தையும் சொன்னாள். பதினொன்றாவதையும் சொன்னாள். சந்திரன் நிறுத்த மறந்துவிட்டார். அந்தப் பெண் அண்ணனைத் திட்டி முடிக்கும் வரை மோகனப்ரியா கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

முன்பக்கம் இடது, நடு, வலது என்று ஒரே மாதிரி மூன்று வேண்டும், ஜோடியாகத்தான் வரும் என்பதால் நான்கு வாங்கினாள். ஒன்பது சேனல் ரிசீவரை வேண்டாம் என்று தள்ளினாள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி அதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்கிற ஐந்து சேனல் ரிசீவர் ஒன்று எடுத்தாள். சப்வூஃபர் ஒன்று, சின்னது. பில்லில் யோகேஷின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொன்னாள்.

*

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோகேஷும் அவளும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டார்கள். ஆர்டரை மாற்றியதை வியாழன் மாலையே சொல்லிவிட்டாள்; சமையல்மேடையில் ரிப்போர்ட்டையும் வைத்தாள். அவன் அதை எடுத்து வெகுநேரம் பார்த்தான். அடியிலிருந்த கோட்டின் மேல் விரலை ஓட்டினான்.

சனிக்கிழமை காலை கடை ஆட்கள் வந்து மாட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஹேமநாத்துக்குப் பெட்டிகளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இவ்ளோதானா பாஸ்? பின்னாடி ஸ்பீக்கரே இல்ல? சொல்ற பேச்சைக் கேட்டிருக்கலாம்."

ரிசீவர் அறையை அளந்துகொள்ள ஒரு சின்ன மைக் கொடுத்திருந்தார்கள். உட்காருகிற இடத்தில் காது உயரத்துக்கு வைக்க வேண்டும். ஹேமநாத் அதை எடுத்துச் சோபாவுக்கு நடுவில் வைத்தான். மோகனப்ரியா எடுத்து வலது ஓரத்தில் வைத்தாள்.

"சிஸ்டர், சென்டர்லதான் வெக்கணும். அதான் ரூல்."

"உங்க வீட்ல வெச்சிக்குங்க," என்றாள்.

ஹேமநாத் யோகேஷைப் பார்த்தான். யோகேஷ், "அங்கயே இருக்கட்டும் ஹேமு. நீ கெளம்பறியா, நான் அப்பறம் பேசறேன்" என்றான். ஹேமநாத் டீகூடக் குடிக்காமல் போனான்.

அளவு எடுத்து முடித்துக் கடை ஆட்களும் போன பிறகு யோகேஷ் சோபாவில் உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சித்தூருக்கு போன் பண்ணேன்," என்றான். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"அது திமிரு இல்லம்மா, அவளுக்குக் காது கேக்கலன்னு. அம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. அய்யோ பாவம், இத்தன நாள் தெரியாம பேசிட்டமேன்னாங்க."

தான் நல்லது செய்துவிட்டதாக அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மோகனப்ரியாவுக்கு அதைப் பார்த்ததும் மறுபடியும் கோபம் ஏறியது.

"போன வாரம் வரைக்கும் திமிரு. இந்த வாரம் பாவம். நடுவுல நான்னு ஒருத்தி இல்லவே இல்லயா? போன் போடு."

"இப்ப எதுக்கு?"

"போடுன்றேன்."

அவன் போட்டான். அவள் வாங்கி இடது காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் மாமியார் கோதை, "யம்மா பிரியா, கேக்குதா, கேக்குதா" என்று கத்தினாள்.

"நல்லா கேக்குது அத்தை, கத்தாதீங்க. எனக்கு வலது காது கேக்காது. அது நெஜம். உங்ககிட்ட மறைச்சது தப்புதான், அதுக்கு மன்னிச்சிக்குங்க. ஆனா பாவம்னு சொல்லாதீங்க. போன பொங்கலுக்கு உங்க நாத்தனாருங்க முன்னாடி, இவ நைனா சீர்ல வெள்ளிக்குப் பதிலா பித்தளையை வெச்சி ஏமாத்திட்டாருன்னு சொல்லிட்டு, என்னைக் காபி கொண்டு வாடின்னு நாலு வாட்டி கூப்ட்டீங்களே. அன்னைக்கு நீங்க எனக்கு இடது பக்கம்தான் உக்காந்துக்கினு இருந்தீங்க. நாலு வாட்டியும் கேட்டுச்சு. வேணும்னுதான் வரல."

யோகேஷ் ஒயரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"அது எனக்குத் தெரியும்டி," என்றாள் கோதை கடைசியில். குரலில் பாவம் போய்விட்டிருந்தது. "அப்பவே தெரியும்." வைத்துவிட்டாள்.

மோகனப்ரியா போனை யோகேஷிடம் கொடுத்தாள். அவனுக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் அவள் அனுமதிப்பதாக இல்லை. "படம் போடலாமா?" என்று மட்டும் கேட்டான். "போடுங்க," என்றாள்.

அவன் கீழே ஓடும் எழுத்தைப் பழக்கத்தில் போட்டான். அவள் ரிமோட்டை வாங்கி அதை நிறுத்தினாள். இரண்டரை மணி நேரப் படம். நடுவில் இரண்டு இடத்தில் அவளுக்குப் பேச்சு புரியவில்லை. என்ன சொன்னான் என்று அவனிடம் கேட்டாள். முதல் தடவை அவன் சொன்னான். இரண்டாவது தடவை, "எனக்கும் புரியல" என்றான்.

அந்த வாரம் முழுக்க நகரியிலிருந்து தினமும் போன் வந்தது. சிவசங்கரன் கூப்பிட்டால் எடுத்துப் பேசினாள். கமலம்மாவின் எண் வந்தால் போன் அடித்து ஓயும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் பேச வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று இருந்தாள்.